உங்க அப்பா எங்க மாமாவை வெட்டினார்: பகைக் குடும்பக் காதலைச் சொல்லும் குற்றப் புனைவு, ஓர் எளிய அறிமுகம்

என் அண்ணன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தண்டையார்பேட்டையில் வீடு. பொங்கல் லீவில் வந்தவள், "சித்தப்பா, நான் ஒரு நாவல் எழுதப்போறேன்" என்றாள். "நம்ம ஏரியாதான். ரெண்டு ரவுடிக் குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்கும் இந்த வீட்டுப் பொண்ணுக்கும் லவ். ஆனா இது லவ் ஸ்டோரியா, கிரைம் ஸ்டோரியான்னு எனக்கே தெரியல."

"கடைசியில யார் சாவாங்க?"

"ரெண்டு பேரும்."

"எதுக்கு?"

கொஞ்ச நேரம் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ரோமியோ ஜூலியட்ல சாவாங்கல்ல, அதான்."

இந்த வகை நாவலை எழுத நினைக்கிற பலரும் இந்த "அதான்"இல்தான் வழுக்கி விழுகிறார்கள். அன்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எழுத நினைப்பவருக்கும் உதவலாம், இப்படி ஒரு நாவலைக் கையில் எடுத்து "இதில் துப்பறிவாளரே வரவில்லையே" என்று குழம்புகிறவருக்கும் உதவலாம்.

முதலில் அந்தக் குழப்பத்தை முடித்துவிடுவோம். கிரைம் நாவல் என்றதும் நம் கண்ணுக்கு வருவது பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல். முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசி அத்தியாயத்தில் கைது, நடுவில் ஒரு கெட்டிக்காரர். அது துப்பறியும் கதை. கொலை ஏற்கெனவே நடந்துவிட்டது, யார் செய்தது என்று கதை பின்னோக்கித் தேடிப்போகும். குற்றப் புனைவு முன்னோக்கிப் போகும். யார் யாரை வெட்டப்போகிறார்கள் என்பது இருபதாம் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடலாம். வெட்டாமல் இருக்க அவனுக்கு ஏதாவது வழி இருக்கிறதா, இருந்தும் ஏன் அதை எடுக்கவில்லை என்ற கேள்விதான் பக்கத்தைத் திருப்ப வைக்கும். போலீஸ் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அவர்கள் ஊரில் உள்ள பத்துப் பேரில் ஒருவர், அவ்வளவுதான்.

இப்போது பகை.

ஷேக்ஸ்பியர் 1590களில் எழுதிய அந்த நாடகத்தில் இரண்டு குடும்பங்களும் எதற்காக அடித்துக்கொள்கின்றன என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை. பழைய பகை, அவ்வளவுதான். மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு அது போதும். நானூறு பக்க நாவலுக்குப் போதாது. ஏனென்றால் குற்றப் புனைவில் பகை ஒரு தொழில் மாதிரி. அதற்கு முதலீடு உண்டு, வரவு செலவு உண்டு, வேலையாட்கள் உண்டு. கோபம் நாலு நாளில் ஆறிவிடும். கணக்கு அப்படி ஆறாது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். காசிமேட்டில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு லாஞ்சு வாங்குகிறார்கள். லாஞ்சு கடலுக்குப் போக வேண்டுமானால் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், ஆட்களுக்கு அரிசி பருப்பு வேண்டும். எல்லாம் கடனில் ஏறும். மீன் வந்து ஏலம் போனதும் கடன் கழியும். ஒருவர் கடலைப் பார்த்துக்கொள்கிறார், இன்னொருவர் கரையைப் பார்த்துக்கொள்கிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வருமானம் நின்றுபோகும், வட்டி மட்டும் நிற்காது. கடலில் இருக்க வேண்டிய ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். அந்த 61 நாளில் ஒரு நாள், கரைக்காரர் எழுதிய ஐஸ் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று கடல்காரருக்குத் தோன்றுகிறது. கேட்கிறார். வார்த்தை முற்றுகிறது. நாலு பேர் பார்க்க ஒரு அறை விழுகிறது.

இங்கிருந்து இரண்டு கணக்குப் புத்தகங்கள் திறக்கின்றன. ஒரு வீட்டுப் புத்தகத்தில் முதல் வரி "ஐஸ் காசைத் தின்னான்." இன்னொரு வீட்டுப் புத்தகத்தில் முதல் வரி "ஊர் பார்க்க கை நீட்டினான்." அதன் பிறகு ஒரு தம்பியின் கை போகிறது, ஒரு மச்சானின் உயிர் போகிறது, மூன்று பேர் உள்ளே போகிறார்கள். எல்லாம் இரண்டு புத்தகத்திலும் பதிவாகிறது. தொடக்கத் தேதி வேறு வேறு என்பதால் இரண்டும் என்றைக்கும் ஒத்துப்போவதில்லை. "இத்தோட சரியாப்போச்சு" என்று ஒரு வீடு மூடும்போது இன்னொரு வீட்டில் இன்னும் ஒரு பாக்கி நிற்கும். நாவலாசிரியருக்கு இரண்டு முதல் வரியும் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரங்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

வடசென்னைக்கு இது புதிதும் இல்லை. 1918இல் சென்னை தொழிலாளர் சங்கம் பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்தபோது புளியந்தோப்பில் குடியிருப்பும் குடியிருப்பும் மோதிக்கொண்டன. வேலையும் கூலியும் ஆட்டம் கண்டால் தெருவும் தெருவும் மோதும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி அது. ஆகவே உங்கள் நாவலில் வரும் குடும்பம் "பரம்பரை ரவுடி" என்று தொடங்காதீர்கள். யாரும் பரம்பரையாக ரவுடி கிடையாது. ஏதோ ஒரு தொழில் இருந்திருக்கும். அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

சரி, காதலர்கள் எங்கே வருகிறார்கள்?

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு எல்லாருக்கும் தெரியும். "யாயும் ஞாயும் யாராகியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்." என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் சொந்தம்? முன்பின் தெரியாத இரண்டு பேர், செம்மண்ணில் விழுந்த மழைநீர் போலக் கலந்துவிட்டார்கள். நாம் பேசுகிற நாவல் இந்தப் பாட்டைத் தலைகீழாகப் பிடித்தது. எந்தையும் நுந்தையும் யார் என்று இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். உங்க அப்பா எங்க மாமாவை வெட்டினவர். எங்க அண்ணன் உங்க சித்தப்பா கேஸில் ஏ2, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ரெண்டாவது ஆள். தெரியாத இருவர் கலப்பது அந்தப் பாட்டின் அழகு. தெரிந்த பிறகும் கலப்பதுதான் இந்த வகையின் அழகும் ஆபத்தும்.

கணக்குப் புத்தகத்தின் வழியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பகையில் ஒவ்வொரு ஆளும் ஒரு வரி. இந்தப் பையன் நம்ம பக்கம், அந்தப் பையன் அவங்க பக்கம். காதல் வந்ததும் ஒரே ஆள் இரண்டு புத்தகத்திலும் வந்துவிடுகிறான். நாளைக்குக் கல்யாணம் நடந்தால் எதிரி சம்பந்தி ஆகிவிடுவார். சம்பந்தியை வெட்ட முடியுமா? அப்படியானால் வர வேண்டிய பாக்கி என்ன ஆகும்? யாருக்கு அந்தப் பாக்கி வர வேண்டுமோ அவர் என்ன செய்வார்?

அண்ணன் மகளின் கதையில் வில்லன் பெண்ணின் அப்பா. மீசை, புல்லட், கழுத்தில் செயின். நான் அதை மாற்றச் சொன்னேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. உள்ளுக்குள் சமாதானம் கிடைத்தால் தேவலை என்று நினைக்கிற ஆளாகக்கூட அவர் இருக்கலாம். இந்தக் காதலால் எல்லாவற்றையும் இழப்பவர் அந்த வீட்டு அத்தை. பத்து வருடத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்தவர். அவருக்கு இந்தக் குடும்பம் பட்டிருக்கிற கடன் ஒரு உயிர். அந்தக் கடனை நம்பித்தான் அண்ணன் வீட்டில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காதல் ஜெயித்தால் அந்தக் கடன் தள்ளுபடி. அதற்கு அவர் சம்மதிப்பாரா?

இதற்கும் நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. மகளைக் கேட்டு வேந்தன் வந்து நிற்பான், தந்தை தர மாட்டான், ஊர் அழிவின் விளிம்பில் நிற்கும். மகட்பாற்காஞ்சி என்று அந்தத் துறைக்குப் பெயர். புறநானூற்றின் 336ஆம் பாட்டில் பரணர் வேந்தனின் சினத்தையும் தந்தையின் பிடிவாதத்தையும் சொல்லிவிட்டு, கடைசியில் திரும்பி வேறொருவரைப் பார்க்கிறார்: "பகை வளர்த்திருந்த இப் பண்பில் தாயே." அழகோடு சேர்த்துப் பகையையும் வளர்த்து வைத்திருக்கிற தாய். பரணர் அந்தத் தாயைத் திட்டுகிறார். நாவலாசிரியர் திட்டக் கூடாது, அவர் ஏன் வளர்த்தார் என்று போய்க் கேட்க வேண்டும்.

அகத்திணையும் கை கொடுக்கும். ஊருக்குத் தெரியாமல் பழகுவது களவு, ஊர் பேசத் தொடங்குவது அலர், பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது இற்செறிப்பு, இருவரும் கிளம்பிப் போவது உடன்போக்கு. எண்ணிப் பாருங்கள், ஒரு த்ரில்லரின் நாலு பாகம் தயார். இன்றைக்கு அலர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும், இற்செறிப்பு என்றால் முதலில் போனைப் பிடுங்குவார்கள். மற்றபடி பெரிய மாற்றம் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பகைக் கொலையையும் ஆணவக் கொலையையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது. பகையில் இரண்டு வீடும் ஒன்றை ஒன்று சமமாகப் பார்க்கின்றன. மதிக்காத ஆளிடம் யாரும் இருபது வருடம் பகை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கத்தி எதிர் வீட்டை நோக்கி நீளும். ஆணவக் கொலையில் சாதி ஏணி நிற்கிறது. மேலே இருப்பதாக நினைக்கிறவர், கீழே இருப்பதாகத் தான் கருதுகிற வீட்டுப் பையனைக் கொல்கிறார், பல நேரம் தன் மகளையே கொல்கிறார். இரண்டையும் ஒரே நாவலில் எழுதலாம், எழுத வேண்டிய தேவையும் இருக்கிறது. ஆனால் சாதியைச் சொல்ல பயந்துகொண்டு "ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது" என்று மழுப்பினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். எது எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்வது நல்லது.

நகரம் எங்கே இருக்கிறது?

'நகர்ப்புறக்' குற்றப் புனைவு என்கிறோமே, அந்த நகரம் வெறும் படுதாவாகத் தொங்கினால் போதாது. அதை மாற்றினால் கதையும் மாற வேண்டும். அண்ணா நகருக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாலும் நடக்கிற கதை வடசென்னைக் கதை இல்லை.

பெரிய நகரத்தில் காதலர்களுக்கு உள்ள வசதி, யாருக்கும் யாரையும் தெரியாது என்பது. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் அந்த வசதி கிடையாது. தெருக்குழாயடி, கேரம் கிளப், சர்ச் வாசல், மீன் கூடை வைத்திருக்கும் அக்கா, எல்லா இடத்திலும் கண். கிராமத்துக் கண்காணிப்பும் நகரத்து நெரிசலும் ஒரே சந்தில். அப்படியானால் அவர்கள் எங்கே சந்திப்பார்கள்? வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் சந்திக்கலாம், அந்தக் கூட்டத்தில் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. மெட்ரோவில் சந்திக்கலாம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்டது. வண்டி பூமிக்கடியில் போய், தண்டையார்பேட்டை தாண்டி வெளிச்சத்துக்கு ஏறும். மண்ணுக்கடியில் இருக்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மேலே ஏறியதும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் இரண்டு பேரை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இன்னொன்று. சரக்கு வண்டி வந்துவிட்டால் இந்தப் பக்கம் உள்ளவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் உள்ளவர் அந்தப் பக்கம். துரத்துகிறவனும் நிற்க வேண்டும், ஆம்புலன்சும் நிற்க வேண்டும். மழைக்காலம் என்றால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். தப்பி ஓடும் வழியை எழுதுமுன் மாதம் எது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புழல். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் புழலுக்கு மாறியது. உள்ளே இருப்பவரைப் பார்க்கப் போவதை "மனு பாக்கப் போறது" என்பார்கள். பகையில் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் உள்ளே ஆள் இருக்கும். ஆகவே இரண்டு வீட்டுப் பெண்களும் அதே வெயிலில், அதே வரிசையில், அதே பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பார்கள். வெளியே எங்கும் ஒரே கூரையின் கீழ் நிற்காத இரண்டு குடும்பம் அங்கே நிற்கும். அப்பாவைப் பார்க்க வந்த பெண்ணும் அண்ணனைப் பார்க்க வந்த பையனும் முதல் தடவை பேசிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. மனு எழுத அவளிடம் பேனா இருக்காது. அவனிடம் இருக்கும்.

அடுத்தது கடிகாரம். எந்தக் குற்றப் புனைவுக்கும் ஒரு கெடு வேண்டும், அது வில்லன் போனில் மிரட்டும் இருபத்து நாலு மணி நேரமாக இருக்கத் தேவையில்லை. சட்டமே வேண்டிய அளவு கெடு வைத்திருக்கிறது.

பையன் 21 முடிக்க வேண்டும், பெண் 18 முடிக்க வேண்டும். அவனுக்கு இருபதரை என்றால் ஆறு மாதம் எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். மேஜரான பெண் நீதிபதி முன் நின்று யாரோடு போக விருப்பம் என்று சொன்னால் அதுதான் செல்லும். ஆனால் பதினேழு வயது என்றால் கதையே வேறு. ஜூலியட்டுக்குப் பதினாலுகூட நிறையவில்லை. இன்றைய சென்னையில் அந்தப் பையன் மீது, சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாயும். வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். விண்ணப்பித்ததும் பதிவு அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும், இருவர் பெயரும் முகவரியும் போட்டு. ஓடி ஒளிகிற இருவர் தங்கள் பெயரைச் சுவரில் ஒட்டிவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு சஸ்பென்ஸை நான் கற்பனை செய்ய வேண்டுமா? இருவரும் இந்துக்கள் என்றால் இவ்வளவு காத்திருப்பு இல்லை. 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும். உறவினரோ நண்பர்களோ சிலர் முன்னிலையில், இருவரும் புரியும் மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும்.

பகைவர்கள் பக்கமும் கடிகாரம் ஓடும். ஒருவனைக் குண்டாஸில் போட்டால், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம் என்று வழங்கும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டத்தின்படி, விசாரணை இல்லாமலே அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் உள்ளே இருப்பான். காதலர்களுக்கு அது ஒரு வருட அவகாசம். உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்துவிட்டால் அவகாசம் ஒரே நாளில் முடிந்துவிடும். நிபந்தனை ஜாமீன் இன்னும் கொடுமையானது. தினமும் காலை பத்தரைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து போட வேண்டும் என்று நிபந்தனை. அவன் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் வருவான் என்று எதிரிக்கு நீதிமன்றமே சொல்லிக்கொடுத்த மாதிரி. கையெழுத்து போடப் போன வழியில் வெட்டிவிட்டார்கள் என்ற செய்தியை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

கடைசியாகப் பேச்சு. இங்கேதான் வெளியிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வரிக்கு வரி "இன்னா நைனா", "கஸ்மாலம்" என்று தூவிவிட்டால் மெட்ராஸ் பாஷை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். கொலையைப் பற்றி எப்படிப் பேசாமல் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். கொலைக்குச் 'சம்பவம்' என்று பெயர். திட்டம் போடுவது 'ஸ்கெட்ச்'. கத்தி 'பொருள்'. யாரும் கொல்வதில்லை, 'முடிச்சிடறாங்க'. கூச்சமும் பழக்கமும் கலந்த வார்த்தைகள் இவை. வீட்டில் சோறு போட்டுக்கொண்டே பேச முடிகிற வார்த்தைகள். "அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அத்தை ரசம் வைக்கறதில்ல" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். வாசகருக்கு வயிறு கலங்க வேண்டும். பழைய ஆட்கள் கொலை வழக்கை இன்னும் "முந்நூத்தி ரெண்டு" என்றுதான் சொல்வார்கள். அது பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. உங்கள் கதையில் ஒரு இளம் வக்கீல் புது எண்ணைச் சொல்ல, பெரியவர் ஒருவர் "அது இன்னா புதுசா?" என்று கேட்டால், பழக்கம் விடாத ஒரு மனுஷன் அந்த ஒரு வரியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

வடசென்னை என்றாலே அரிவாள் என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது, இன்னொன்று எதற்கு என்று என் அண்ணி கேட்டார். நியாயமான எரிச்சல்தான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. குத்துச்சண்டைக்காரர்களும் கேரம் ஆட்டக்காரர்களும் கால்பந்துக்காரர்களும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. நூறு வீட்டில் தொண்ணூற்றெட்டு வீட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்கூடத் தெரியாது என்று நான் அடித்துச் சொல்வேன், கணக்கு எடுத்ததில்லை என்றாலும். ஆகவே அந்தத் தொண்ணூற்றெட்டு வீடும் நாவலில் இருக்க வேண்டும். மாவு அரைக்கிறவர், துறைமுக லாரி டிரைவர், டியூஷன் டீச்சர். இரண்டு வீட்டுப் பகைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு, எந்தப் பக்கம் மொய் எழுதுவது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் அது ரவுடிக் கதை.

முடிவைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. இருவரும் சாகலாம், இருவரும் பெங்களூருக்கு ரயில் ஏறலாம், அல்லது இங்கேயே இருந்து இரண்டு வீட்டுத் தொழிலையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் முதல் அத்தியாயம் அனுப்பியிருந்தாள். கொலை இல்லை, புல்லட் இல்லை. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது. அந்தப் பெண் அத்தையோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில், அந்தப் பக்கம் ஒரு பையன் தெரிந்து தெரிந்து மறைகிறான். அத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். நாற்பத்து மூன்றாவது பெட்டியில் அத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார்.

"நல்லா இருக்கு. ஆட்டோக்காரர் பேசவே இல்லையே?" என்று பதில் போட்டேன். "ரெண்டாவது அத்தியாயத்துல பேசுவார் சித்தப்பா" என்று வந்தது.